சிவப்புச் செருப்பும் நீலச் செருப்பும்

அவளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பில் பால் இருந்தால் பொங்கிவிடுமோ என்று பக்கத்திலேயே நிற்பாள். பத்து வயதுக்கு அவளிடம் கவலை கொஞ்சம் அதிகம்தான்.

எதிர்வீட்டுத் தபால்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் தன் வாத்தை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.

"உங்க வீட்டுல ஏற்கெனவே நாலு இருக்கே, இதையும் சேத்துக்கோ. நீ பயந்து பயந்து பாத்துக்குவ, எனக்குத் தெரியும்."

அவளுடைய தம்பி வாலு, அந்த வாத்துக்கு அப்போதே 'தபால்' என்று பெயர் வைத்துவிட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் இருந்த வாத்துப் பட்டிக்கு ஓடப் பார்த்தான். சந்தேகம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இருடா. இதுக்கு ஏதாவது நோய் இருந்தா?"

"பாக்க நல்லாத்தானே இருக்கு?"

"பாத்தா தெரியாத நோயா இருந்தா?"

அம்மா அவர்களை மாட்டு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா தபாலின் அலகைத் திறந்து பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார்.

"இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. ஆனா சில நோய் உள்ளயே ஒளிஞ்சிருக்கும். முப்பது நாள் தனியா வைங்க. தினமும் பழைய வாத்துங்களுக்கு முதல்ல தீனி, புதுசுக்குக் கடைசில. முக்கியமா, ரெண்டு இடத்துக்கும் ஒரே செருப்போட போகக் கூடாது. நோய் செருப்புல ஏறி சவாரி பண்ணும்."

சந்தேகம் அதைக் கேட்டுக் கண்ணை விரித்தாள். அன்றே இரண்டு ஜோடி செருப்பு தயாரானது. பட்டிக்குள் போக நீலம். வீட்டுக்கு முன்னால் இருந்த சைக்கிள் கொட்டகையில் தபால் தங்கியது. அங்கே போகச் சிவப்பு.

தபால் அங்கே நிம்மதியாக இருக்கவில்லை. விடிந்ததும் கத்த ஆரம்பித்தால் இருட்டும்வரை ஓயாது. தீனியையும் சரியாகத் தொடவில்லை.

அப்பா பேருந்து ஓட்டுநர். மூன்றாம் நாள் காதைப் பொத்திக்கொண்டார்.

"நாள் முழுக்க ரோட்டுல ஹாரன் கேட்டுட்டு வரேன். வீட்டுக்கு வந்தாலும் ஹாரனா? அதைக் கொண்டுபோய் மத்ததோட விட்டுடேம்மா, பாவம்."

அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பட்டியில் இருக்கும் நான்கையும் நினைத்துப் பார்த்தாள். குஞ்சிலிருந்து அவள் வளர்த்தவை அவை. அதிலும் பெரிய வாத்தான தலைவி, அவள் குரல் கேட்டாலே ஓடிவரும்.

"வேணாம்பா. வேற ஏதாவது பண்றேன்," என்றாள்.

அம்மா தையல்காரர். துணி போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக வைத்திருந்த பழைய கண்ணாடி ஒன்று மூலையில் கிடந்தது. சந்தேகம் அதைக் கேட்டு வாங்கிக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

தபால் கண்ணாடியைப் பார்த்தது. கண்ணாடியில் இருந்த வாத்தும் தபாலைப் பார்த்தது. இரண்டும் கத்துவதை நிறுத்தின. கொஞ்ச நேரத்தில் இரண்டும் தீனி தின்ன ஆரம்பித்தன.

"என்ன, ஹாரன் ரிப்பேரா?" என்றார் அப்பா.

பன்னிரண்டாம் நாள் காலையில் மழை. நான்கு வாத்துகளுக்கும் தீனி போட்டுவிட்டு, பிறகு தபாலுக்கும் போட்டாள். வாசலில் பள்ளி வேன் வந்து நின்றது. அப்போது பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்தது. பட்டியின் உள்தடுப்புக்குத் தாழ்ப்பாள் போட்டோமா? ஓடிப்போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து வேனில் ஏறினாள்.

இரண்டாவது வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பென்சில் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் தன் காலைப் பார்த்தாள். காலில் சிவப்புச் செருப்பு. காலையில் அதோடுதான் பட்டிக்குள் ஓடியிருந்தாள்.

அதற்குப் பிறகு டீச்சர் சொன்ன ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்கு ஓடினாள். தபாலின் ஒரு கண்ணோரம் சோப்பு நுரை போல ஏதோ இருந்தது. அது தும்மியது. யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு நேராக அம்மாவிடம் போய் நின்றாள்.

"அம்மா, தபாலுக்கு உடம்பு சரியில்ல. நான் காலைல சிவப்புச் செருப்போட பட்டிக்குள்ள போயிட்டேன். தலைவிக்கும் வந்துடுமா?"

அம்மா தையல் மிஷினை நிறுத்தினார்.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்த?"

"தாழ்ப்பாளை ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேன்."

"ரெண்டு தடவைதானா?"

"மழை பெஞ்சுதேம்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு குடையை எடுத்தார்.

டாக்டரம்மா தபாலுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். "முதல் நாளே சேத்து விட்டிருந்தா இந்நேரம் அஞ்சுக்கும் வந்திருக்கும். பட்டித் தரையைச் சுரண்டிக் கழுவுங்க. பத்து நாள் நாலையும் உன்னிப்பா கவனிங்க. தபாலுக்குக் குணமானதும் மறுபடி முதல்லேருந்து முப்பது நாள்."

"மறுபடியுமா?" என்று வாலு தலையில் கை வைத்துக்கொண்டான்.

அன்று மாலையே அக்காவும் தம்பியும் பட்டியைச் சுரண்டிக் கழுவினார்கள். தினமும் காலையில் எழுந்ததும் நான்கு வாத்துகளின் எட்டுக் கண்களையும் அவள் பார்த்தாள். ஏழாம் நாள் தலைவி தும்மியது.

அவளுக்கு உலகமே நின்றுவிட்டது.

தலைவி மறுபடி தண்ணீர்த் தொட்டிக்குள் கண்வரை தலையை விட்டது. வெளியே எடுத்தது. தும்மியது.

"அக்கா, மூக்குல தண்ணி ஏறிடுச்சு, அவ்வளவுதான்," என்றான் வாலு. "நானும் குளிக்கிறப்ப அப்படித்தான்."

அவன் சொன்னதை அவள் உடனே நம்பவில்லை. தலைவி ஆறு முறை முங்கித் தும்மியதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. பத்து நாளும் கடந்தன. நான்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. தபாலின் கண்ணும் தெளிந்தது.

மறுபடி எண்ணிய முப்பது நாளும் முடிந்த காலையில், அவள் தபாலைத் தூக்கிவந்து பட்டிக்குள் விட்டாள். நான்கு வாத்துகளும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தன. தலைவி தபாலை ஒரு கொத்து கொத்தியது. சந்தேகம் பதறி உள்ளே ஓடினாள். அதற்குள் தலைவி திரும்பித் தொட்டியை நோக்கி நடந்தது. மற்ற மூன்றும் அதன் பின்னால் போயின. கடைசியாகத் தபாலும் போனது.

"அக்கா, உன் காலைப் பாரு," என்றான் வாலு.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு காலில் சிவப்பு, ஒரு காலில் நீலம்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

ஐந்து வாத்துகளும் தண்ணீர் குடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, தாழ்ப்பாளை மட்டும் மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.