முதல் அத்தியாயத்தில் இன்னொரு மூச்சு

"அக்கா, நீங்க படிக்கும்போது பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

ஒலித்தொகுப்பாளர் போனில் இப்படிக் கேட்டபோது, இல்லை என்றுதான் அவள் சொன்னாள். பக்கத்தில் என்ன, வீட்டிலேயே யாரும் இல்லை. கணவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. புத்தகங்களை ஒலிநூலாகப் படித்து அனுப்புவது அவள் தொழில். நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிற தொழில்தான், ஆனால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

தொகுப்பாளர் விளக்கினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் அவள் மூச்சு இழுப்பது பதிவாகும், அதை அவர் வெட்டிவிடுவார், அது வழக்கம்தான். இந்த நாவலின் முதல் அத்தியாயத்தில் மட்டும், அவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போதே அடுத்த வாக்கியத்துக்கு வேறு யாரோ மூச்சு இழுக்கிறார்கள். மின்விசிறியோ என்று பார்த்தாராம், இல்லை. வெட்டிப் பார்த்தாராம், வெட்டினால் அவள் குரலும் சேர்ந்து போகிறது. வாங்குகிறவர்கள் ஆரம்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் காசு கொடுப்பார்கள், அதனால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி படித்து அனுப்பச் சொன்னார்.

போனை வைத்த பிறகு அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். வெட்கப்படுகிற அளவுக்குச் சந்தோஷம். யாரோ இருக்கிறார்கள். அந்த யாரோ கணவர்தான் என்று மனசு தன்பாட்டுக்கு முடிவு கட்டிவிட்டது.

படுக்கையறைச் சுவரில் பதித்த துணி அலமாரிதான் அவளுடைய ஸ்டுடியோ. ஆள் உள்ளே போய் முக்காலி போட்டு உட்காரலாம். முன்னால் மைக், பின்னால் கணவரின் சட்டைகள், கோட்டுகள், ஒரு கனத்த கம்பளிப் போர்வை. துணி சத்தத்தைக் குடித்துவிடும், எதிரொலி வராது. சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று நாத்தனார் கேட்கும்போதெல்லாம் இவள் இதைத்தான் சாக்காகச் சொல்வாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அந்த மனுஷர் உயிரோடு இருந்தவரை அவள் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. அவர் சட்டைகளோ ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிரில் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் வேலை கிடையாது, அதனால் அந்த நேரத்தையே தேர்ந்தெடுத்தாள். அலமாரிக் கதவைச் சாத்தியதும் வெயில், தெரு, மேல்வீட்டு நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று போய், பழைய துணியின் மக்கல் வாசனையும் கற்பூர உருண்டையின் நெடியும், அதற்கடியில் எங்கேயோ அவருடைய சவர சோப்பின் வாசனை மிச்சமும், டேப்லெட் திரையின் வெளிச்சத்தில் அவளுடைய இரண்டு கைகளும் மட்டும் நின்றன.

படிப்பதற்கு முன் ஒருமுறை ஆரம்பத்தின் மேல் கண்ணை ஓட்டினாள். ஆயிரத்து இருநூறு பக்க நாவல். மூன்று ராஜ வம்சங்கள், பறக்கும் மிருகங்கள், வருஷக்கணக்கில் நடக்கும் யுத்தம் எல்லாம் பின்னால் வரும். முதல் பக்கத்தில் ஒரு பாழடைந்த கோட்டைதான்.

'அந்தக் கோட்டையில் ஆயிரம் அறைகள். நூறு வருஷமாக ஒன்றிலும் ஆளில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் ஓர் அறையில் விளக்கு எரிந்தது.'

முதல் தடவை படித்தபோது, அடடா, நல்ல தொடக்கம் என்று தோன்றியது. முழுப் புத்தகத்தையும் முடித்த பிறகு பார்த்தால் ஒன்று உறுத்தியது. விளக்கை ஏற்றியது யார் என்று எழுத்தாளர் கடைசிவரை சொல்லவே இல்லை. இத்தனை யுத்தத்துக்கு நடுவில் மறந்திருப்பார். அவளால் இப்போது மறக்க முடியவில்லை.

ஹெட்போனை மாட்டிப் பதிவைத் தொடங்கினாள். படிக்குமுன் ஒரு நிமிஷம் வெறும் நிசப்தத்தைப் பதிய வேண்டும் என்பது தொழில் நியமம். வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட அந்த அறையின் சொந்த நிசப்தம்தான் வேண்டும், வேறு அறையின் நிசப்தம் ஒட்டாது. அந்த ஒரு நிமிஷம் எச்சில்கூட விழுங்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் அவள் அதை மீறியதே இல்லை.

மைக் கேட்பதை ஹெட்போன் அப்படியே காதில் கொண்டுவந்து போட்டது. ரத்தம் ஓடுவது போல ஒரு மெல்லிய இரைச்சல். முக்காலியின் சின்ன முனகல். அப்புறம் முதுகுக்குப் பின்னால், சட்டைகளின் ஆழத்திலிருந்து, பேசத் தயாராகிற ஒருவர் இழுக்கும் மூச்சு.

அவள் நியமத்தை மீறினாள்.

"நீங்களா?" என்று கேட்டாள்.

துணிகள் அந்தச் சொல்லைக் குடித்தன. இரைச்சல். நிசப்தம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பதிலுக்காக இரண்டு வருஷமாக ஏங்கியவளுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருப்பது பெரிதில்லை.

"நீங்களா?" என்றது ஹெட்போனில் ஒரு குரல்.

அவளுடைய குரல்தான். எதிரொலி என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் உறைத்தது. இந்த அலமாரியில் எதிரொலி வராது.

அதோடு, அந்தக் கேள்வியில் ஏக்கம் இல்லை. உச்சரிப்பைச் சரிபார்க்கிற மாதிரி இருந்தது.

"அந்தக் கோட்டையில் ஆயிரம் அறைகள்," என்றது குரல். நிதானமாக. அவளைவிட அழகாக. "நூறு வருஷமாக ஒன்றிலும் ஆளில்லை."

அவள் வாய் மூடியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போனது. சத்தம் வெளியே வரவில்லை. மறுபடி முயன்றாள். காற்று மட்டும். அவர் இல்லை. இது அவர் இல்லவே இல்லை. அவள் படித்ததையெல்லாம் ஒரு சொல் விடாமல் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்ட எதுவோ.

எழுந்திருக்கப் பார்த்தாள். முக்காலி அவளுக்கடியில் இல்லை. முன்னால் இருந்தது. கம்பளி முகத்தில் உராய்ந்தது. இரண்டு சட்டைகளுக்கு இடையில் திரை வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்துக்கு எதிரே ஒரு முதுகு. அவளுடைய நீலப் புடவை. அவளுடைய கொண்டை. காலையில் அவள் அவசரமாகச் செருகிய ஊசி, கோணலாக.

அந்த முதுகு படித்துக்கொண்டே போனது. அத்தியாயம் முடிந்தது. பதிவு நின்றது. கதவு திறந்தது. வெயில் உள்ளே வந்து சட்டைகளின் ஓரத்தைத் தொட்டது, அவளைத் தொடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே போன் அடித்தது. தொகுப்பாளராகத்தான் இருக்கும். சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரித்தே எவ்வளவு நாளாயிற்று.

"இல்லப்பா, இங்க யாரு இருக்கா?" என்றது அவளுடைய குரல். "நான் தனியாத்தான் இருக்கேன்."

காலடிகள் திரும்பி வந்தன. அலமாரிக் கதவு சாத்திக்கொண்டது. முக்காலி முனகியது. திரை வெளிச்சம் எரிந்தது. அடுத்த புத்தகம்.

தொடங்குமுன் அந்த முதுகு திரும்பாமலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டியது. வளையல் போட்ட, அவளுடைய கை. அது தடவிப் பார்த்து, விலகியிருந்த சட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கி, எதிரொலி வராதபடி, அவள் முகத்தின் மேல் இழுத்துவிட்டது.