காட்டெருமைக்கு வைத்த பொட்டு

சிதம்பரத்திலிருந்து வந்த மினி பஸ் குமராட்சியில் இளவரசுவை இறக்கிவிட்டபோது மாட்டுப் பொங்கல் பொழுது சாய்ந்திருந்தது. இரண்டு கையிலும் கரும்பு. மாட்டுக்கு வாங்கிய மாலையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு வந்தான்.

வீட்டு மாட்டுக் கொட்டகை வாசலில் மனைவி சத்யப்பிரியா நின்றிருந்தாள்.

"மாமா, கொசுவே இல்ல."

"நல்லதுதான?"

"குமராட்சியில, மாமா."

அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது. சுற்றிலும் வயல், வாய்க்கால். ஆனால் கொட்டகையில் ஒரு கொசு, ஒரு ஈ கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கும் காட்டுத் தழையும் கலந்த வாடை மட்டும் கனமாக நின்றது.

இளவரசு ஒரு கல்லூரி விலங்கியல் லேபில் அட்டெண்டர். அங்கே சுவரில் பாடம் பண்ணிய காட்டெருமைத் தலை ஒன்று உண்டு. பேரில்தான் எருமை, இனம் மாடு என்பார் பேராசிரியர் ஞானசேகரன். தோலில் ஓர் எண்ணெய் கசியும், பூச்சி அண்டாது. கிழட்டுக் காளை கூட்டத்தைவிட்டுத் தனியாகத் திரியும். பாயுமுன் பக்கவாட்டில் திரும்பித் தன் உடம்பைக் காட்டும், அப்போது ஓடக்கூடாது. எல்லாம் வருஷா வருஷம் காதில் விழுந்ததுதான். விழுந்து என்ன புண்ணியம்? விடுமுறைக்கு முதல் நாள் அதன் கொம்புக்கு வர்ணம் அடித்து, பொட்டு வைத்து, "தனியாக் கெடக்குறியே மச்சான், மாட்டுப் பொங்கலுக்கு ஊட்டுக்கு வந்துடு" என்று கூப்பிட்டுவிட்டான். மாணவர்கள் சிரித்தார்கள்.

அது சிரிக்கவில்லை.

கொட்டகைக்குள் நிறைமாதச் செவலை கட்டியிருந்தது. தலைச்சன் ஈற்று. கன்றிலிருந்து சத்யப்பிரியா பிள்ளையாக வளர்த்த பசு.

"ரெண்டு மூச்சு கேக்குது மாமா," என்று கிசுகிசுத்தாள்.

ஒன்று செவலையுடையது.

இன்னொன்று அவன் தலைக்கு மேலிருந்து வந்தது.

பின்பக்கக் கீற்றுத் தட்டியின் இடுக்கில் தெரிந்த தெருவிளக்கு மெல்ல மறைந்தது. முதலில் தலை, அப்புறம் திமில், அப்புறம் வயிறு என்று ஓர் இருட்டு பக்கவாட்டில் திரும்பி நின்றது. கல்லூரிச் சுவரில் இருப்பது தலை மட்டும். வந்திருப்பது முழுசு.

விசில் அடித்தது போல ஒரு சீறல்.

செவலை கயிற்றை இழுத்தது. வாசல் பக்கம் அல்ல. அந்த இருட்டின் பக்கம்.

"ஐயோ, எம் பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போவுதே!"

இளவரசு ஓடவில்லை. கால் இருந்தால்தானே ஓடுவதற்கு.

"மச்சான்… வெளையாட்டுக்குத்தான் கூப்புட்டேன்…"

கயிற்றில் ஒரு புரி அறுந்தது.

"நீயா கூப்புட்ட?" சத்யப்பிரியா அவனைப் பார்த்தாள். "கூப்புட்டுட்டு எலை போடாம நிக்கிறியே மாமா!"

ஓடிப்போய் இலையில் பொங்கலோடு வந்தாள். இருட்டின் காலடியில் வைத்தாள்.

"சாப்புடுண்ணே. இவள மட்டும் உட்டுடு. புள்ளத்தாச்சி."

கயிறு இன்னும் விறைப்பாகவே நின்றது.

பிறகு சொரசொரப்பான நாக்கு இலையை வழித்தது. கயிறு தொய்ந்தது. தெருவிளக்கு திரும்பத் தெரிந்தது.

விடியற்காலையில் செவலை கன்று போட்டது. இரண்டும் நலம். நன்றாக வெயில் ஏறும்வரை காத்திருந்து, இளவரசு தைரியமாக உள்ளே போனான்.

தாயும் கன்றும் ஒரு மூலையில் நெருக்கியடித்துப் படுத்திருந்தன. மீதிக் கொட்டகை முழுக்க வைக்கோல் அமுங்கிக் கிடந்தது.

சத்யப்பிரியா செவலைக்குத் தண்ணீர் காட்டினாள். பிறகு வீட்டிலிருந்து ஓர் அண்டாவைக் கொண்டுவந்து, நிரப்பி, அந்தக் காலிப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குறைந்தது.