முதல் அரைமணி வீட்டார்

வீடு மாறும் நாளில், வீட்டு வலையை ஓட்டும் அலைப்பெட்டியை யாரும் லாரியில் ஏற்றமாட்டார்கள். பீரோவும் கட்டிலும் லாரியில் போகும், பெட்டி மட்டும் யார் மடியிலாவது போகும். போத்தனூரிலிருந்து சரவணம்பட்டி வரை அதைத் தமயந்திதான் மடியில் வைத்திருந்தாள். பதினோரு வருடமாக அந்த வீட்டு வலையைக் கட்டி மேய்த்தவளும் அவள்தான். கதவு, அடுப்பு, குழாய் எல்லாம் அவள் பழக்கியவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி சந்தானம் ஆபீஸில் நெட்வொர்க் மேனேஜராம். வீட்டுக் கடவுச்சொல்லை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"நான் உள்ள வந்தப்புறம் பெட்டியப் போடு," என்றாள். "புது வீட்ல முதல் அரைமணி யாரு உள்ள இருக்காங்களோ அவங்கதான் வீட்டாரு. பழைய பட்டியல் அழிஞ்சுரும். ஒரு வருசத்துக்கு மாத்த முடியாது."

பட்டியலில் பேர் இல்லாதவருக்கு ரேஷன் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. தங்கவும் பொதுக்கொட்டகைதான்.

"எனக்குத் தெரியாதுங்களாக்கா?" என்றான் சந்தானம்.

புது வீட்டு வாசலில் அவன் மனைவி கோமளா வழிமறித்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. பால் பொங்கற வரைக்கும் வெளிய இருந்துக்கங்க. சாஸ்திரமுங்களே."

புருஷன் செத்தவள் நின்றால் பால் கெட்டுவிடுமாம். மனுஷன் செவ்வாய்க் கிரகத்திலேயே குடித்தனம் வைத்தாகிவிட்டது, பாலுக்கு இன்னும் பயம் போகவில்லை. இவர்களோடு சண்டை போடுவதுகூடத் தனக்குக் கேவலம் என்று நினைத்தாள் தமயந்தி. பெட்டியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

உள்ளே சோதிடர் திரையில் வந்து, அக்கினிக்கு முன்னால் அலை, அடுப்புப் பற்றவைக்குமுன் பெட்டியைப் போட்டுவிட வேண்டும் என்றார். புதுச் சாஸ்திரம், போன வருடம்தான் பிறந்தது. சந்தானம் தலையாட்டிக்கொண்டு பெட்டியைப் போட்டான். அதன் ஓசை தெருவரை கேட்டது, கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தமயந்தி கதவைத் தட்டினாள். கோமளா ஜன்னல் வழியாக, "இன்னும் பொங்கலீங்க," என்றாள்.

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. பெட்டி பட்டியலைப் படித்தது: சந்தானம், கோமளா, கோமளாவின் அம்மா, விருந்து சமைக்க வந்த நஞ்சப்பன். வீட்டார் நால்வர்.

"வாசலில் ஒரு விருந்தினர். எத்தனை நாள் தங்குவார்? ஒன்று முதல் முந்நூற்று அறுபத்தைந்து வரை சொல்லலாம். வீட்டாரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், கூடுதல் நாளே கணக்கு."

சந்தானம் கோமளாவைப் பார்த்தான். கோமளா அம்மாவைப் பார்த்தாள்.

"மூணு நாளுன்னு போடு," என்றான் சந்தானம். "அப்பறம் பாத்துக்கலாங்கக்கா."

இத்தனை வருடம் அவனை வெறும் மடையன் என்றுதான் நினைத்திருந்தாள். மடையன் இவ்வளவு யோசித்துச் சொல்லமாட்டான். தமயந்தி படியிலிருந்து திரும்பினாள்.

"முந்நூத்தி அறுபத்தஞ்சுன்னு போட்டுக்க," என்று அடுப்பங்கரையிலிருந்து நஞ்சப்பன் குரல் வந்தது. பெட்டி ஏற்றுக்கொண்டது. கோமளா முறைத்ததும், "நானும் வீட்டாளுதானுங்களே," என்றபடி கரண்டியைத் துடைத்தான். "நீங்க உள்ள வாங்கம்மா. இலை போட்டாச்சு."

தமயந்தி தம்பியை ஏறெடுத்தும் பார்க்காமல் உள்ளே போனாள். அந்த வீட்டில் அவளுக்கு உறவென்று ஒரே ஒரு ஆள் இருந்தான். பந்தி முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு அவனும் போய்விடுவான்.