இரண்டு கல் வரிசைக்கு நடுவே

கேட்டைத் திறந்து அவன் ஒரு காலை உள்ளே வைத்த நேரம் பார்த்துத்தானா அவள் குழாயைத் திருக வேண்டும்?

புல்தரையின் நடுவிலிருந்த தெளிப்பான் விசுக்கென்று ஒரு சுற்று சுற்றியது. சட்டை, தோள்பை, கையிலிருந்த அளவு டேப்… எதையும் விடவில்லை.

"ஐயோ, ஸாரி! யாருமில்லைன்னு நினைச்சேன்…"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். சுவருக்குச் சுவர் வைக்கோல் நிறம்.

"காய்ஞ்ச புல்லுக்கா இவ்வளவு தண்ணி?"

"காயல. தூங்குது."

"ஓஹோ… தூங்குறவங்க மூஞ்சியில தண்ணியடிச்சு எழுப்புறது உங்க வழக்கமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நனைந்த இமைகளுக்குக் கீழே அவன் கண்களில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

"நீங்க யாரு?"

"கல் பதிக்கிற காண்ட்ராக்டர். உங்க அண்ணன் வரச் சொன்னார். இந்த இடம் முழுக்க சிமெண்ட் கல் போடணுமாம்… கார் நிறுத்த."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க மற்றவர்களின் மடங்காத முழங்காலையும் தூக்க முடியாத தோளையும் அசைய வைத்துவிட்டு, மாலையில் வந்து உட்கார்வது இந்தத் தரையில்தான். போன கோடையில் கட்டடக் குப்பையைக் கிளறி எடுத்து, மணல் கலந்து, தண்ணீர் தெருப்பக்கம் வடியும்படி சரிவு கொடுத்தவள் அவள். பெர்முடா புல்லை ஒரு சாண் இடைவெளியில் கொத்துக் கொத்தாக நட்டவளும் அவள்தான். வேர் பிடிக்கும்வரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். பிடித்தபிறகு எப்போதாவது ஒரு தடவை, ஆழமாக… அப்போதுதான் வேர் கீழே தேடிப் போகும். ஒட்ட வெட்டலாம், ஆனால் ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எல்லாம் கற்றுக்கொண்டு செய்தாள். கம்பளம் விரித்த மாதிரி பச்சை வந்தது.

குளிர் வந்ததும் பழுப்பேறிவிட்டது. அந்தப் புல்லின் சுபாவம் அது. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"செத்துப் போச்சு பாப்பா. இனி எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழுறே?" என்றான். தெருவில் நிறுத்திய புதுக்காரில் எவனோ கீறல் போட்டுவிட்டான். வீடு அண்ணனுடையது. அவள் அதற்குமேல் பேசவில்லை.

இப்போது குனிந்து ஒரு தண்டைப் பிடுங்கி, நகத்தால் தோலை உரித்து அவனிடம் நீட்டினாள். உள்ளே ஈரமாக, வெளிர் பச்சை.

"பாருங்க. வெயில் ஏறட்டும்… தானா எழுந்துக்கும்."

அவன் அந்தத் தண்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். டேப்பை விரிக்காமலே கிளம்பினான்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் புலம்பிக்கொண்டே வந்தான். "அந்த காண்ட்ராக்டர் வேலையே வேணாம்னுட்டான்! கல் போட்டா மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வருமாம்."

வராது. சரிவு கொடுத்தவளுக்குத் தெரியாதா? அவளுக்காகத்தான் சொல்லியிருக்கிறான்… நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ நழுவியது. ஆனால் அடுத்த நிமிடமே உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது.

மறுநாள் அவனுடைய கல் பட்டறையில் போய் நின்றாள்.

"எதுக்கு அண்ணன்கிட்ட பொய் சொன்னீங்க?"

"உங்களுக்கு உதவியா இருக்கும்னு…"

"நான் கேட்டேனா? என் பேச்சு வீட்டுல எடுபடாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட யாரும் வேணாம்."

அவன் முகம் கறுத்தது. "பரிதாபமா? கையில வந்த வேலையை விட்டுட்டு நிக்கிறேன். அதுவும் தப்புன்னா… தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்." திரும்பி, கல் அடுக்க ஆரம்பித்தான்.

அவள் வீம்பாக நடந்துவிட்டாள். தெருமுனை தாண்டியதும்தான் கண் கலங்கியது. யாரோ ஒருவனுக்காகக் கண் எதற்குக் கலங்க வேண்டும்?

அன்று சாப்பிடும்போது அண்ணனிடம் நேராகச் சொன்னாள்.

"அண்ணா, அந்த ஆள் சொன்னது பொய். தண்ணி உள்ள வராது. ஆனாலும் கல் போட வேணாம். எனக்கு அந்தப் புல் வேணும்."

அண்ணன் கை தட்டிலேயே நின்றது. அந்த வீட்டில் எதையும் அவள் வேணும் என்று கேட்டதில்லை.

"காரை என் தலையிலயா நிறுத்துறது?"

"டயர் ரெண்டு பக்கம்தானே ஓடுது?" என்றாள் அண்ணி, குழம்பை ஊற்றியபடி. "அந்த ரெண்டு கோட்டுக்கு மட்டும் கல் போடுங்க. நடுவுல அவ புல் இருந்துட்டுப் போகட்டும். பாவம், கையெல்லாம் காய்ச்சுப் போற அளவுக்கு வேலை செஞ்சிருக்கா."

அண்ணன் மோட்டுவளையைப் பார்த்தான். கடைசியில், "சரி… அந்தப் பொய்க்காரனையே கூப்பிடு. கைவேலை சுத்தம்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அழைத்தாள்.

"வேலை இருக்கு… வர்றீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"அன்னைக்கு நான் கொஞ்சம் அதிகமா பேசிட்டேன்."

"நான் கொஞ்சம் அதிகமா உதவிட்டேன்," என்றான். "காலையில வர்றேன்."

வந்ததும் முதலில் அண்ணனிடம் போய், "சார், அன்னைக்கு நான் சொன்னது உண்மையில்ல. மன்னிச்சுக்குங்க," என்றான். அண்ணன் முறைத்தான். ஆனால் ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து ஒவ்வொரு கல்லாக அவன் இறக்கிய விதத்தைப் பார்த்தபிறகு, தானே காபி கொண்டுவந்து கொடுத்தான்.

வெயில் ஏறியது. கல் ஓரங்களில் சூடு தங்கியதாலோ என்னவோ, அங்கேதான் முதலில் ஊசி ஊசியாகப் பச்சை எட்டிப் பார்த்தது. அப்புறம் நடுவில். அப்புறம் எங்கும். கொடிகள் கல்லின்மேல் ஏறப் பார்த்தன. அவள் ஓரம் வெட்டி விட்டாள்.

அவன் வாராவாரம் வந்தான். கல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறானாம். குனிவான், தட்டிப் பார்ப்பான், போவான். பேச்செல்லாம் உரம், தண்ணீர், புல் வெட்டும் மிஷினின் கத்தி… இதைத் தாண்டவில்லை.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சன்னமான மழை. இருவரும் வாசல் சன்ஷேடுக்குக் கீழே ஒதுங்கினார்கள். அவன் முன்தலையிலிருந்து ஒரு சொட்டு மூக்கில் இறங்கி நின்றது. அவள் பார்வையைப் புல்லுக்குத் திருப்பினாள்.

"இன்னைக்கும் கல்லைப் பார்க்கத்தான் வந்தீங்களா?"

"ம்… ஏதாவது ஆடுதான்னு…"

"ஒண்ணும் ஆடலையே."

"ஆடல." மழைக்குக் கையை நீட்டினான். "கல்லெல்லாம் உறுதியாத்தான் இருக்கு. நான்தான்… ஆடிப்போயிருக்கேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் காதுமடல் சிவந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே வரல…" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"வர்ற வாரமும் வரணும்," என்றாள் அவள். "ஆனா கல்லைப் பார்க்கன்னு சொல்லிக்கிட்டு வரக் கூடாது."

"வேற என்ன சொல்லிட்டு வர்றது?"

"அண்ணன் கேட்டா, என்னைப் பார்க்க வந்தேன்னு சொல்லுங்க. நான் வரச் சொன்னேன்னு சொல்லுங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். இந்த முறை பார்வையைத் திருப்பவில்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு… ரொம்ப."

அவன் தோள்பையை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தான்.