கடவுச்சொல் மாறிய பிற்பகல்

“பாஸ்வேர்ட மாத்தி என்னையும் வெளியவே நிக்க வெச்சிடுவியாடி?” என்று கணவன் ஒருமுறை அவளிடம் கேட்டான். மாடி வீட்டுப் பையன்கள் ஓசியில் படம் பார்க்கிறார்கள் என்று அவள் வைஃபைக்குப் புதுக் கடவுச்சொல் போட்ட நாள் அது.

“பின்னே, இது என்ன சத்திரமா? கெஞ்சிக் கேட்டா சொல்றேன்,” என்று சிரித்தாள்.

கேட்டவன் போன மழையில் ஆற்றோடு போய்விட்டான்.

இப்போதெல்லாம் பிற்பகலில், வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டும் நேரத்தில், ரவுட்டரின் பச்சை விளக்கு படபடவென்று துடிக்கிறது. நனைந்தபடியே மடித்துவைத்த அவனுடைய மழைக்கோட்டின் புளித்த வாடை கூடமெங்கும் மெல்லப் பரவுகிறது. உள்ளறையில் ஏழு வயது மகள் டேப்லெட்டின் கறுத்த திரையோடு குசுகுசுவென்று பேசிச் சிரிக்கிறாள். நேற்று அதட்டிக் கேட்டபோது, “அப்பா என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்காரு,” என்றாள்.

வருகிறவனைத் தடுக்க முடியாது. வைஃபை வழியையாவது அடைக்கலாம். கணினியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். யாரும் ஊகிக்கக் கூடாதென்று விரல் போன போக்கில் எழுத்துகளைத் தட்டி, அவற்றை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, சேமித்தாள். வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே நொடியில் துண்டிக்கப்பட்டன, அவள் கணினியும்தான். துடிப்பு நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

உள்ளே சிரிப்பு.

விளக்கு மறுபடி துடித்தது.

“பாப்பா... புதுசு உனக்கு யார்டி சொன்னது?”

“அப்பாதான். நீ தட்டும்போது உன் தோளுக்குப் பின்னாடி நின்னு பாத்தாராம்.”

ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கினாள். விளக்கு அணையவில்லை.

பிடரியில் ஒரு சொட்டு. குளிர்ந்தது. இன்னொன்று.

தோளில் ஒரு கை. கனம். திரும்ப முடியவில்லை. உள்ளங்கையில் மை கரைந்து வழிந்தது.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். உயரமான யாருடைய விரலையோ பிடிக்கப்போவதுபோல் கையை மேலே நீட்டினாள்.

தோளிலிருந்து கனம் இறங்கியது. தாயின் கால்கள் மட்டும் தரையைவிட்டு அசையவில்லை.

ஈரக் காலடிகள் வாசலை நோக்கி ஒவ்வொன்றாக விழுந்தன. பெரியவை. அவற்றுக்குப் பக்கத்தில் சின்னச் செருப்புகள் நடந்தன. கதவு திறந்தது. மகள் திரும்பிப் பார்க்கவில்லை.