சரக்கு இல்லாத லொறி

விடிந்ததும் விடியாததுமாக முத்துலிங்கம் ஹட்டன் பாதைச் சந்தியில் மேசையைப் போட்டுக்கொண்டான். புதுப் பாதைத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு. போகிற லொறிகளை மறித்து எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு, எவ்வளவு நிறை என்று எழுத வேண்டும். தற்காலிக வேலைதான், இந்த முறை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

போன வருஷமும் இதே சந்திதான். தோட்டத்து லொறியொன்று கம்பளி போர்த்திய இருபத்து மூன்று தேயிலைக் கொழுந்துப் பெண்களை ஏற்றி வந்தது. படிவத்தில் ஆட்களுக்குக் கட்டம் இல்லை. வாக்காளர் இடாப்பிலும்தான் அவர்களுக்கு இடம் இல்லை. எல்லாரும் எழுதுகிற மாதிரி "வெற்று" என்று எழுதினான். அடுத்த வளைவில் லொறி பள்ளத்தில் உருண்டது. விசாரணையில் அவன் தாள்தான் சாட்சி: வண்டி வெறுமையாகப் போனது, பெண்கள் வழியில் களவாக ஏறியிருக்கிறார்கள் என்று முடித்தார்கள்.

பத்து மணிக்குத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பேச்சியம்மா இறங்கி வந்தாள். செத்தவர்களில் ராசம்மா அவள் மகள். அந்த முடிவை வைத்துத் தோட்டம் ராசம்மாவின் பேரைப் பதிவிலிருந்து வெட்டி, குடியிருந்த லயத்துக் காம்பராவையும் விடச் சொல்லியிருந்தது.

"அன்னிக்கு லொறியில ஆளு இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க தம்பி. நாளைக்குச் சட்டி பானையத் தூக்கி வெளிய போட்டுருவாங்க."

"என் வேலை போயிரும்க்கா."

"அதுவும் சரிதான். எம் மகளுக்குத்தான் கனமே இல்லியே." சிரித்துவிட்டுப் போனாள். அவள் அழாததுதான் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

மூன்று மணிக்குப் பனி மூடியது.

முதலில் ஈரக் கம்பளி வாடை வந்தது. பிறகுதான் லொறி. எஞ்சின் சத்தமே இல்லை.

பலகை இடுக்குகளில் விரல்கள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள்.

"சரக்கு என்ன?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"பாத்து எழுதுங்க தம்பி," என்று மேலேயிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள்.

பார்த்தான். எண்ணக்கூட முடிந்தது: இருபத்து மூன்று. இப்போது உள்ளதை எழுதினால் அன்று எழுதியது பொய்யாகிவிடும் என்ற நினைப்பும் தெளிவாக வந்தது.

வெற்று.

லொறி பனிக்குள் நகர்ந்தது. யாரும் சாபமிடவில்லை.

ஐந்தரைக்குப் பஸ் வந்தது. உள்ளே ஓர் ஆள்கூட இல்லை. படியில் கால் வைத்தவனைக் கண்டக்டர் நஜீம் கைநீட்டித் தடுத்தான்.

"எங்க ஏறுறீங்க? நிக்கவே எடமில்ல. பொம்பளைங்க நெருக்கிக்கிட்டு நிக்கிறாங்க, கண்ணு தெரியலியா?"

முத்துலிங்கம் எட்டிப் பார்த்தான். வெறும் ஆசனங்கள்.

ஜன்னல் கண்ணாடிகள் மட்டும், ஒவ்வொன்றாக, உள்பக்கம் மூச்சுப் பட்டு வெளுத்துக்கொண்டிருந்தன.