பச்சைப் பொட்டலம்

மானிட்டர் இமைத்ததும் ஷியூச்சின் அதன் தலையைத்தான் பார்த்தாள். பச்சைப் பொட்டலம் சப்பையாகக் கிடந்தது.

தேங்காய் மணக்கும் சோளப்பொரி. தைவானின் தாய்ச்சுங் நகரத்துச் சாயப்பட்டறையில் எல்லா இயந்திரத்தின் மேலும் ஒன்று இருக்கும். இருக்கும்வரை இயந்திரம் சமர்த்தாக நடக்கும். பிரிக்கக் கூடாது, தின்னவும் கூடாது. இதை யாரோ பின்பக்கம் கிழித்துத் தின்றிருந்தார்கள்.

கீழே சாயத்தொட்டிக்குள் உதவியாள் போவென் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தத் தொட்டிக்குள் கொதிநீராவி விடும் வால்வு மூடியிருக்கிறதா என்று காட்டுவது இந்தத் திரைதான். எழுத்துகள் நடுங்கின. படிக்க முடியவில்லை.

வாக்கி டாக்கியை எடுத்தாள். "டேய், உண்மையைச் சொல்லு. பொட்டலத்தைத் தின்னது நீதானே?"

"ஐயோ அக்கா! தேங்கா வாசனையே எனக்கு ஆகாது."

"திரை சரியில்ல. ஏறி வா."

"ஒரு மூலைதான் பாக்கி" என்று சிரித்தான். தொட்டிச் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. நலமாக இருக்கிறேன் என்பதற்கு அவன் வைத்திருக்கும் அடையாளம்.

திருட்டுப் பயல். சிரிப்பிலேயே தெரிகிறது. அந்தக் கோபத்தில், இன்னொரு முறை கூப்பிடாமல், அவள் வேலையைப் பார்த்தாள். மழை தகரக்கூரையில் இரைய, சூடான தூசியும் சாயமும் கலந்த நெடியில் குனிந்து, கேபிளின் திருகை இறுக்கி, வேறு கேபிள் மாற்றி, பக்கத்து மின்விசிறியைத் தள்ளி வைத்து, திரையின் புதுப்பிப்பு வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். இமைப்பு நிற்கவில்லை.

கேன்டீனில் மஞ்சள் பொட்டலம்தான் இருக்கும். மஞ்சள் இயந்திரத்துக்கு ஆகாது. கிழிந்த பையை எடுத்தாள். வாய் வைத்துக் காற்றை ஊதினாள், டேப் ஒட்டினாள், மேலே வைத்தாள். இயந்திரத்துக்கு என்ன தெரியப் போகிறது?

திரை நிலைத்தது. துளி நடுக்கமில்லை. வால்வு: மூடியது.

அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

வாக்கி டாக்கியில் சத்தம். மொறுக். மொறுக்.

"தின்னுட்டே பொய் சொல்றியா?"

மொறுக்.

"போவென்?"

தட்டு இல்லை. சிரிப்பு இல்லை. மெல்லும் சத்தம் மட்டும், ஈரமாக.

திரையைப் பார்த்தாள். மூடியது. பிறகு மேலே பார்த்தாள். பொட்டலம் அவள் ஊதியதைவிட உப்பியிருந்தது. கை நீட்டித் தொட்டாள். கனத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. பச்சைத் தாளில், உள்ளிருந்து, ஒரு விரல்நுனி அழுந்தியது.

பொட்டலத்துக்குள் இரண்டு தட்டு.